'டெயின்டி'க்கு எது சரி: வடிவா, நளினமா, நறுவிசா?

போன மாதம் செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றுக்கு விளம்பர வரிகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஒரு சோடி தோடு, கடுகளவு கல் பதித்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'டெயின்டி' (dainty) என்ற ஒரே சொல்லோடு முடித்திருந்தார்கள். கொழும்பில் மூன்று மொழியில் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இந்த மாதிரிச் சொல்தான் அரைநாளைத் தின்னும்.

முதலில் வாயில் வந்தது வடிவு. வடிவான பிள்ளை, வடிவான சீலை, காலிமுகத்திடலில் அந்திவானமும் வடிவு. எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் அகலம் கூடிவிட்டது. கழுத்தை நிறைக்கும் அட்டியலும் வடிவுதானே? டெயின்டியில் அழகோடு சிறுமையும் மென்மையும் பார்த்துப் பார்த்துச் செய்த நுணுக்கமும் சேர்ந்திருக்க வேண்டும்.

கடைக்காரருக்கு நளினம் பிடித்திருந்தது. வடமொழியில் தாமரையைக் குறிக்கும் சொல் அது. தமிழில் நாம் அதை அதிகமும் அசைவுக்கே வைத்திருக்கிறோம். பரதம் ஆடும் பிள்ளையின் விரல்களில் நளினம் தெரியும். பெட்டிக்குள் கிடக்கிற தோட்டில் எப்படித் தெரியும்? ஒயிலும் நடைக்கு உரியது. மென்மை என்றால் பஞ்சு நினைவுக்கு வருகிறது.

கைவிட்டுப் போனதே என்று நான் வருந்துவது சாயலை. தொல்காப்பிய உரியியல் 'சாயல் மென்மை' என்றே பொருள் சொல்கிறது. இன்று அந்தச் சொல்லை எழுதினால் யாருடைய சாயல் என்று கேட்பார்கள்.

ஆங்கிலத்திலும் பக்கத்து வீட்டுச் சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'பெட்டிட்' (petite) என்பது பெண்ணின் சிறிய உடலளவைச் சொல்வது. க்யூட்டில் செல்லம் கூட. அது அக்யூட் என்பதன் குறுக்கம், முதலில் கெட்டிக்காரத்தனத்தைத்தான் குறித்தது. டெலிகேட் என்றால் உடைந்துவிடுமோ என்ற பயமும் ஒட்டிக்கொள்கிறது. டெயின்டியின் வேர் லத்தீன் 'டிக்னிதாஸ்', அதாவது தகுதி, மதிப்பு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ருசியான தின்பண்டத்துக்கும் பெயரானது. சாப்பாட்டில் நொட்டை சொல்லிப் பொறுக்கித் தின்பவரையும் குறித்தது. சிறியதாக இருந்தும் மதிப்புக் குறையாதது என்ற நிறம் அதில் இன்னும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் ஆளுக்குச் சொல்லும்போது கவனம் வேண்டும். கோப்பைக்கும் சரிகைக்கும் அழகாகப் பொருந்தும் சொல்லை, கூட வேலை செய்யும் பெண்ணுக்குச் சொன்னால் பொம்மையாகப் பார்ப்பது போலாகிவிடும்.

அப்புறம்தான் நறுவிசு நினைவுக்கு வந்தது. "சிந்தாமல் நறுவிசாச் சாப்பிடு பிள்ளை" என்று அம்மம்மா சொல்லுவா. தையலைத் திருப்பிப் பார்த்து, "நறுவிசான வேலை" என்றும் சொல்லுவா. சாப்பாட்டுக்கும் கைவேலைக்கும் ஒரே சொல், டெயின்டியைப் போலவே! நான் பார்த்தவற்றில் இதற்கு இணை இல்லை. ஒரு குறை மட்டும் உண்டு, அளவு அதில் இல்லை. அதனால் 'நறுவிசான சின்னத் தோடு' என்று எழுதிக் கொடுத்தேன்.