ஈவா ஸ்மித்தின் முகம்: ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ 1954-உம் 2015-உம்

ஆங்கில நாடகாசிரியர் ஜே. பி. பிரீஸ்ட்லியின் ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகத்தில் ஈவா ஸ்மித் ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. 1912-இல், புரூம்லி என்னும் கற்பனைத் தொழில்நகரில், ஆலை முதலாளி ஆர்தர் பர்லிங்கின் வீட்டில் மகளின் நிச்சயதார்த்த விருந்து நடந்துகொண்டிருக்கையில் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, இளம்பெண் ஒருத்தி கிருமிநாசினியைக் குடித்து இறந்துவிட்டாள் என்கிறார். அதன்பின் அவளைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி, அவளுக்குத் தீங்கு செய்தவர்கள் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொள்வதாக வருகிறது. ஆகவே இதைப் படமாக்க முனைபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அவளைக் காட்டுவதா வேண்டாமா என்பதைத்தான். கை ஹாமில்டன் இயக்கிய 1954-ஆம் ஆண்டுத் திரைப்படமும், ஆஷ்லிங் வால்ஷின் இயக்கத்தில் 2015-இல் பிபிசி ஒளிபரப்பிய படமும் காட்டுவது என்றே தீர்மானித்தன. காட்டிய விதத்தில்தான் இரண்டும் வெகுதூரம் விலகிப் போகின்றன.

இந்தத் தீர்மானம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாடகத்தின் கடைசிப் பகுதி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. இன்ஸ்பெக்டர் தன்னிடமுள்ள புகைப்படத்தை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே காட்டுகிறார். அவர் போனபிறகு, மாப்பிள்ளையாக வரவிருக்கும் ஜெரால்ட் கிராஃப்ட், உங்களுக்குக் காட்டப்பட்டது ஒரே படம்தான் என்பதற்கு என்ன உறுதி, வெவ்வேறு பெண்களாகவும் இருக்கலாமே என்று கேட்கிறான். மேடையின் முன் அமர்ந்திருப்பவருக்கும் விடை தெரியாது. பர்லிங் தம்பதி நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். மகள் ஷீலாவும் மகன் எரிக்கும் மட்டும், பெண் ஒருத்தியோ ஐவரோ, நாம் செய்தது செய்ததுதானே என்கிறார்கள். பார்வையாளர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதே பிரீஸ்ட்லி வைக்கும் சோதனை. ஈவாவாக நடித்த, 1954-இல் ஜேன் வென்ஹாமின் முகத்தையும், 2015-இல் சோஃபி ரண்டிலின் முகத்தையும் ஒவ்வொரு நினைவுக்காட்சியிலும் பார்த்துவிட்ட நமக்கு, ஜெரால்டின் வாதம் வெறும் வக்கீல் தந்திரமாகச் சுருங்கிவிடுகிறது. இது இரண்டு படங்களுக்கும் பொதுவான இழப்பு. சிறிய இழப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எனினும் 1954-ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு இடுக்கு மிச்சமிருக்கிறது. நினைவுக்காட்சிகள் அந்தந்தக் கதாபாத்திரத்தின் வாக்குமூலத்திலிருந்து கிளம்புவதால், அவரவர் மனத்திலிருந்த பெண்ணுக்குப் படம் ஒரே முகத்தைக் கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. 2015-ஆம் ஆண்டுப் படமோ ஈவாவின் முடிவையே நேராகக் காட்டி, அந்த இடுக்கையும் அடைத்துவிடுகிறது. கைம்மாறாக, அவள் பிறர் கதையில் வந்துபோகும் பெயராக இல்லாமல், தன் துயரத்துக்குத் தானே உரிமையுள்ள மனுஷியாகிறாள். ரண்டில் அதிகம் பேசாமலேயே இதைச் சாதிக்கிறார்.

எரிக்கின் பகுதியில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. நாடகத்தில் எரிக், குடிபோதையில் அவள் அறைக்குள் நுழைய அடம்பிடித்ததையும், மறுத்தால் ரகளை செய்வேன் என்று மிரட்டும் நிலையில் இருந்ததையும் தானே சொல்கிறான். 1954-இல் பிரையன் ஃபோர்ப்ஸ் நடித்த எரிக்கோ, ஆதரவில்லாத இருவர் ஒருவரையொருவர் கண்டுகொள்வது போன்ற மென்மையான காட்சிகளில் வருகிறான். அக்காலத் தணிக்கைக்கும் ரசனைக்கும் அது பொருந்தியிருக்கலாம். ஆனால் அவன் குற்றம் பாதியாகிவிடுகிறது. வால்ஷ் இந்தச் சலுகையை அவனுக்குத் தரவில்லை. இந்த இடத்தில் புதிய படம் பிரீஸ்ட்லிக்கு நெருக்கமானது, நேர்மையானதும்கூட.

இன்ஸ்பெக்டர் விஷயத்தில் என் மதிப்பெண் பழைய படத்துக்கே. 1951-இல் சார்லஸ் டிக்கன்ஸின் கதையில் வரும் ஸ்க்ரூஜாக நடித்து, தன் தவறுகளைத் தானே பார்க்கவைக்கப்பட்ட கஞ்சனாக வாழ்ந்துகாட்டிய அலஸ்டர் சிம், இதில் மற்றவர்களைப் பார்க்கவைப்பவராக வருகிறார். குரலை உயர்த்துவதே இல்லை. எதிரே இருப்பவர் பொய்யை முடிக்கும்வரை அக்கறையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் தெரிந்தவரின் பொறுமை அது. டேவிட் தியூலிஸின் இன்ஸ்பெக்டரிடம் கோபமும் துக்கமும் மேற்பரப்பிலேயே தெரிகின்றன. அவர் ஈவாவின் பக்கம் நிற்கிறார் என்பது முதலிலேயே புரிந்துவிடுவதால், விசாரணை சற்றுச் சீக்கிரமே தீர்ப்பாகிவிடுகிறது.

தாய் சிபிலின் காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. கர்ப்பிணியான ஈவா உதவி கேட்டு வந்தபோது, தர்மசங்கத்தில் தனக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு மனுவைத் தள்ளுபடி செய்தவள் சிபில். குழந்தையின் தகப்பன்தான் பொறுப்பு, அவனைப் பிடித்துப் பகிரங்கமாகத் தண்டியுங்கள் என்று இன்ஸ்பெக்டருக்கே அறிவுரை சொல்கிறாள். ‘அம்மா, நிறுத்துங்கள்’ என்று ஷீலா மன்றாடுவதும் அவள் காதில் ஏறவில்லை. அந்தத் தகப்பன் தன் மகன் எரிக்தான் என்பது அறையிலிருக்கும் எல்லோருக்கும் புரிந்தபிறகே அவளுக்குப் புரிகிறது. 1954-இல் ஓல்கா லிண்டோ இதை அகந்தை நொறுங்கும் நகைமுரணாகச் செய்கிறார். 2015-இல் மிராண்டா ரிச்சர்ட்சன், உடைந்தபிறகும் முதுகு வளையாத குளிர்ச்சியோடு செய்கிறார். வர்க்கத் திமிர் எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்பதை ரிச்சர்ட்சனே நன்றாகக் காட்டுகிறார்.

முடிவிலும் ஹாமில்டன் நாடகத்தை மாற்றியிருக்கிறார். மேடையில் இன்ஸ்பெக்டர் தன் உரையை முடித்துவிட்டுச் சாதாரணமாக வெளியேறிவிடுவார். படத்தில் அவர் அதே வீட்டின் இன்னொரு அறையில் இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு பெண் இப்போதுதான் இறந்தாள் என்ற தொலைபேசிச் செய்திக்குப் பின் பார்த்தால் அறை காலியாக இருக்கிறது. இது மர்மப்பட ரசிகருக்குச் சிலிர்ப்பைத் தரும். ஆனால் கவனம் குற்றத்திலிருந்து அமானுஷ்யத்துக்கு நழுவுகிறது. நாடகம் முதலில் 1945-இல் சோவியத் ஒன்றியத்தில் அரங்கேறியது. டைட்டானிக் மூழ்கவே மூழ்காது, போர் வராது என்று பர்லிங் அடித்துச் சொல்வதை, இரண்டு உலகப் போர்களைக் கடந்துவந்தவர்கள் கேட்கும்போது ஏற்பட்ட கசப்பை இந்த முடிவு கொஞ்சம் மழுங்கடிக்கிறது.

நாடகத்தைப் படித்தவர்களுக்கு நான் 2015-ஐச் சொல்வேன்; அது எதை இழக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும், எதைச் சேர்க்கிறது என்பதையும் எடைபோட முடியும். கதையே தெரியாதவர்கள் 1954-இலிருந்து தொடங்கட்டும், சிம் ஒருவருக்காகவேனும்.