புரோக்கனா, டேமேஜ்டா?

ஆங்கிலத்தில் பழுதைச் சொல்ல அடிக்கடி கைக்கு வரும் இரண்டு சொற்கள் இவை. புரோக்கன் ஜெர்மானிய வேரிலிருந்து வந்த பழைய ஆங்கிலச் சொல். டேமேஜ் பழைய பிரெஞ்சு வழியாக, லத்தீனிலிருந்து வந்தது.

டேமேஜ்ட் என்றால் சேதம் உண்டு, ஆனால் பொருள் இன்னும் பயன்படலாம். அளவும் சொல்லலாம்: ஸ்லைட்லி டேமேஜ்ட், பேட்லி டேமேஜ்ட். மூட்டுத் தசைநார், முடி, நற்பெயர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவ்வளவுதான், இதில் பெரிய சிக்கல் இல்லை.

புரோக்கன்தான் வியக்க வைக்கிறது. கண்ணாடி புரோக்கன் என்றால் துண்டு துண்டாகிவிட்டது. வாட்ச் புரோக்கன் என்றால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், ஓடவில்லை, அதுதான் விஷயம். புரோக்கன் ஸ்லீப் என்பது இடையிடையே விழித்து விழித்துத் தூங்கிய தூக்கம். புரோக்கன் லைன் விட்டு விட்டு வரையப்பட்ட கோடு. அதில் பழுதே இல்லை! புரோக்கன் இங்கிலீஷ் தட்டுத் தடுமாறிப் பேசுவது (அப்படிப் பேசத் துணிபவர்களை நான் மதிக்கிறேன்). மீறிய வாக்குறுதி புரோக்கன் பிராமிஸ். அப்புறம், நொறுங்கிய மனசு புரோக்கன் ஹார்ட். இந்த இரண்டிலும் டேமேஜ்டைப் போட்டால் ஒட்டாது. டேமேஜ்ட் ஹார்ட் என்றால் கேட்பவருக்கு இதய நோய்தான் நினைவுக்கு வரும்.

கை எலும்பு முறிந்திருந்தால் புரோக்கன் ஆர்ம் என்றே சொல்லுங்கள். காரின் கதவு நசுங்கியும் வண்டி ஓடுகிறதா? அது டேமேஜ்ட். மனிதரைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டையும் யோசித்துப் பயன்படுத்துங்கள், இரண்டுமே காயப்படுத்தும்.