காட்டு முகாமில் பிள்ளையைச் சேர்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் டீன்ஏஜ் பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான், கஞ்சா, வீட்டில் தினமும் சண்டை. இந்த நிலையில்தான் 'வில்டர்னஸ் தெரபி' என்ற பெயர் காதில் விழும். பிள்ளையை வாரக்கணக்கில் காட்டு முகாமில் தங்கவைத்து, நடக்கவைத்துச் செய்யும் மனநலச் சிகிச்சை அது. வெப்சைட்டில் மலையும் நட்சத்திரமும் அழகாகத்தான் இருக்கும்.

எங்களுக்குச் சிபாரிசு செய்தவர் ஒரு கல்வி ஆலோசகர். அவருக்குத் தனி ஃபீஸ். முகாமுக்கு நாளொன்றுக்கு 500 டாலருக்கு மேல், அதற்கும் மேலே சேர்க்கைக் கட்டணம். இன்சூரன்ஸ் கிடைக்கும் என்றார்கள், கிடைக்கவில்லை. பணக் கதை இப்போதைக்கு இது போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. சேர்க்கும்போதே நம்மைத் தயார்ப்படுத்திவிடுகிறார்கள். "முதல் கடிதங்களில் அழுவான், கெஞ்சுவான், கொடுமைப்படுத்துகிறார்கள் என்றுகூட எழுதுவான். எல்லாம் வீட்டுக்கு வருவதற்கான நாடகம். இளகிவிடாதீர்கள்." அனுபவசாலிகளின் பேச்சு போலத்தான் இருக்கும். சரி, அங்கே நிஜமாகவே ஏதாவது நடந்தால் பிள்ளை என்ன எழுதினால் நீங்கள் நம்புவீர்கள்? போன் கிடையாது. கடிதங்கள் தெரபிஸ்ட் கை வழியாகத்தான் வரும், போகும். அவரும் வாரம் ஒருமுறை காட்டுக்கு வந்துபோகிறவர். மற்ற நேரமெல்லாம் கூட இருப்பது சொற்பப் பயிற்சி பெற்ற இளவட்டங்கள்.

பூட்ஸ் கடித்துக் குதிகாலில் புண் என்று என் மகன் எழுதினான். தெரபிஸ்ட் போன் செய்தபோது கேட்டேன். "நடக்காமல் தப்பிக்கப் பார்க்கிறான், எதிர்பார்த்ததுதான்" என்றார். அடுத்த கடிதத்தில் புண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. செய்த தப்பையெல்லாம் ஒப்புக்கொண்டு, அச்சடித்தாற்போல நல்ல பிள்ளையாக எழுதியிருந்தான். அதையே முன்னேற்றம் என்று காட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, நேரில் போனேன். சீழ் பிடித்திருந்தது. புண்ணைப் பற்றி மறுபடியும் எழுதியிருக்கிறான், அந்தக் கடிதத்தை மாற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

உயிர் போன சில இடங்களிலும் இதே கதைதான். 1994-ல் யூட்டா மாநிலத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நடிப்பு என்று விட்டுவிட்டார்கள். வயிற்றுப்புண் ஓட்டையாகி இறந்துபோனான். 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு இப்படிப்பட்ட இடங்களில் நடந்த 10 மரணங்களை ஆராய்ந்தபோது, உடம்பு முடியாததை நடிப்பு என்று தள்ளிய ஊழியர்களைப் பற்றியும் எழுதியது. 2024 பிப்ரவரியில் வட கரோலினாவில், முகாமுக்கு வந்த மறுநாள் காலையே 12 வயதுச் சிறுவன் இறந்துகிடந்தான். அந்த முகாமின் உரிமத்தை மாநிலம் பறித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. அது முக்கியமாக இப்படிப்பட்ட இடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து அறிக்கை தரத்தான் சொல்கிறது, அதை நம்பி இருக்காதீர்கள்.

யூட்டாவின் 2021 சட்டம் பரவாயில்லை. பிள்ளை வாரந்தோறும் குடும்பத்தோடு ரகசியமாகப் பேச வழி செய்ய வேண்டும் என்கிறது. எங்கள் முகாம் இருந்தது வேறு மாநிலம். எந்த மாநிலமானாலும், "என் பிள்ளை யாரும் பக்கத்தில் இல்லாமல் என்னோடு போனில் பேசலாமா?" என்று முதலில் கேளுங்கள். "அது சிகிச்சையைக் கெடுக்கும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாநில உரிம அலுவலகத்தின் சோதனை அறிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். ராத்திரியில் ஆள் அனுப்பிப் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போகும் சேவையையும் விற்கப் பார்ப்பார்கள். அதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டிவரும்போது ஆலோசகர் போனில் வந்தார். பையன் வீட்டுக்குத் தயாரில்லை, அடுத்து ஒரு தெரபி போர்டிங் ஸ்கூல் என்றார். மறுத்தோம். மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, 'சிகிச்சையாளரின் ஆலோசனைக்கு எதிராகப் பெற்றோர் அழைத்துச் சென்றனர்' என்று பதிவாகியிருப்பதால் ரீஃபண்ட் கிடையாது என்று மெயில் வந்திருக்கிறது. புண்ணின் போட்டோக்களையும் டாக்டர் சீட்டையும் அந்த மெயிலோடு சேர்த்து மாநில உரிம அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.