ஏசி கம்ப்ரஸர் சத்தம்: பேரிங்கா, ரீகண்டிஷனா, புதுசா?

காரில் ஏசி பட்டனை அழுத்தியதும் பானெட்டுக்குள் 'கர்ர்' என்று சத்தம் கேட்கிறது. பட்டறையில் காட்டினால் பெரும்பாலும் வருகிற பதில், "கம்ப்ரஸர் போயிடுச்சு சார், மாத்திடலாம்." சில நூறு ரூபாய் பேரிங்கில் முடிகிற கோளாறுக்கும் இதே பதில்தான், ஐந்திலக்கத்தில் செலவு வைக்கும் கோளாறுக்கும் இதே பதில்தான். காசு கொடுப்பவருக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: பெல்ட் ஓடும் புல்லிக்குள் இருக்கும் பேரிங் மட்டும், கிளட்ச் செட் (ஏசி போட்டதும் புல்லியைக் கம்ப்ரஸர் தண்டோடு இணைக்கும் பகுதி), ரீகண்டிஷன் (பழையதைச் சரிசெய்து விற்பது) அல்லது வேறு காரிலிருந்து கழட்டின கம்ப்ரஸர், புது கம்ப்ரஸர். இவற்றில் முதலாவதையும் கடைசியையும்தான் நான் நம்புகிறேன். நடுவில் இருப்பவை சில இடங்களில் மட்டுமே செல்லுபடியாகும்.

தேர்வுக்கு முன், சத்தம் கம்ப்ரஸரிலிருந்துதான் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து ப்ளோயரைப் போடுங்கள். ஸ்பீடைக் கூட்டக் கூட்டச் சத்தமும் கூடினால் அது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ப்ளோயர்; சருகோ, எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சோ சிக்கியிருக்கும். காற்று வரும் திசையை மாற்றும்போது 'டக் டக் டக்' என்றால் ஃப்ளாப் மோட்டாரின் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கிறது. ஏசியை நிறுத்திய பிறகு சில நொடிகள் 'ஸ்ஸ்' என்று கேட்பது குழாய்களுக்குள் அழுத்தம் சமமாகும் ஓசை, கோளாறே இல்லை. பெல்ட் கிறீச்சிட்டால் எஞ்சின் ஓடும்போது அதன் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள் (கையும் துணியும் பெல்ட்டுக்கு அருகில் போகக் கூடாது). சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. இன்னும் கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

இனி முக்கியமான சோதனை. எஞ்சினை ஓடவிட்டு ஏசியை ஆஃப் செய்யுங்கள். கிளட்ச் உள்ள கம்ப்ரஸரில் ஏசி ஆஃப் என்றால் புல்லி மட்டும் சுற்றும், உள்ளே இருக்கும் தண்டு நின்றுவிடும். அப்போதும் உறுமல் தொடர்ந்தால் சந்தேகம் புல்லி பேரிங்கின் மேல். 'டிக்' என்று கிளட்ச் பிடித்த பிறகு மட்டும் சத்தம் வந்தால் கோளாறு கிளட்ச்சிலோ கம்ப்ரஸருக்குள்ளோ இருக்கலாம். அதே நேரத்தில் ஓடத் தொடங்கும் கண்டன்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும், காரின் முன்னால் இருக்கும் வலை போன்ற பகுதி) ஃபேனிலும் இருக்கலாம். ஃபேனைத் தனியாகக் கேட்டுப் பார்க்காமல் கம்ப்ரஸரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

பேரிங் என்று தோன்றினால் பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மணல் அரைபடுவது போல விரலில் தெரியும். ஆட்டினால் லூஸ் தெரியும். அதே பெல்ட்டில் ஓடும் ஐட்லர் புல்லி, டென்ஷனர், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் அதே கையோடு சுற்றிப் பார்த்துவிடலாம். பேரிங் வழியின் பெரிய லாபம் விலையைவிட இன்னொன்று: கேஸ் லைனைத் திறக்கவே வேண்டியதில்லை. பல கார்களில் ஹோஸ்கள் மாட்டியபடியே கம்ப்ரஸரைச் சற்று இறக்கி, நடு போல்ட், கிளட்ச் பிளேட், சர்க்ளிப் (பூட்டு வளையம்) என்று வரிசையாகக் கழற்றினால் புல்லி கைக்கு வந்துவிடும். 35 மி.மீ. உள் விட்டம், 55 மி.மீ. வெளி விட்டம், 20 மி.மீ. அகலம் என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. பழைய பேரிங்கின் முகத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குவதே சரி.

இந்த வேலையைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று, புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது. பிரஸ்ஸில் வைத்து, வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி இறக்க வேண்டும். உள் வளையத்தில் அடி விழுந்தால் குண்டுகளின் பாதையில் தழும்பு விழுந்து, சீக்கிரமே பழைய சத்தம் திரும்பும். இன்னொன்று, பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி. பல கம்ப்ரஸர்களில் அது 0.3 முதல் 0.6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து, தண்டில் இருக்கும் மெல்லிய ஷிம் வளையத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்வார்கள். இடைவெளி அதிகமானால் எஞ்சின் சூடேறியதும் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும். குறைந்தால் ஏசி ஆஃபில் இருக்கும்போதும் உரசும். ஃபீலர் கேஜைக் கையில் எடுக்காத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்க மாட்டேன்.

கிளட்ச் செட்டை, புல்லியோ பிளேட்டோ நீலம் பாய்ந்து கருகியிருந்தால் அல்லது பிளேட்டை இழுக்கும் மின்காந்தக் காயில் போயிருந்தால் மட்டும் வாங்கலாம். பிளேட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் தண்டு சீல் கசிகிறது. சீலைக் கவனிக்காமல் புது செட் போட்டால் அதுவும் எண்ணெயில் நனைந்து வழுக்கும்.

இப்போது செலவு பெரிதாகும் இடம்: கிளட்ச் பிடித்த பிறகு உள்ளே 'கட கட' என்று தட்டும் சத்தம். இதற்கும் உடனே தீர்ப்பு எழுதக் கூடாது. சின்ன கார்களில் பலவற்றுக்கு அரை கிலோவுக்கும் குறைவான ஆர்-134ஏ கேஸ் போதும். வெயில் காலத்தில் "கொஞ்சம் டாப்-அப் பண்ணிடலாம்" என்று எடை பார்க்காமல் அடித்த கேஸ் அளவை மீறினால் அழுத்தம் ஏறி, நல்ல கம்ப்ரஸரும் முனகும். கண்டன்சர் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சத்தம் தணிந்தால் கேஸ் கூடுதலாக இருக்கிறது, அல்லது ஃபேன் சரியாகச் சுற்றவில்லை, அல்லது கண்டன்சர் தூசியில் அடைந்திருக்கிறது. கேஸை முழுக்க எடுத்து, வேக்குவம் போட்டு, பானெட் அடியில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்கில் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் கம்ப்ரஸரைக் கழற்ற விடாதீர்கள்.

அதற்குப் பிறகும் தட்டினால் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியதும் எண்ணெயை வெள்ளைத் துணியிலோ காகிதத்திலோ ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. கறுப்பாக, வெயிலில் மினுங்கும் பொடியோடு வந்தால் பிஸ்டனும் அதை முன்னும் பின்னும் தள்ளும் சாய்ந்த ஸ்வாஷ் பிளேட்டும் அரைபட்டு, அந்த உலோகத் தூள் லைன் முழுவதும் போயிருக்கிறது. ரீகண்டிஷனா புதுசா என்ற வாக்குவாதத்துக்கு முன்னால் பேச வேண்டியது இதைத்தான். இன்றைய கண்டன்சர்களில் இருப்பது மயிரிழை போன்ற துளைகள். ஃப்ளஷ் அடித்தால் திரவம் திறந்திருக்கும் துளைகள் வழியாகப் போய்விடும், அடைத்த துளை அடைத்தபடியே நிற்கும். தூள் போயிருந்தால் கண்டன்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸ் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் மாற்றியே ஆக வேண்டும். அவற்றை விட்டுவிட்டு கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் அதே தூளை உறிஞ்சிச் சாகும்.

ரீகண்டிஷன் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்றால், சீலும் பேரிங்கும் மாற்றி வெளியே பெயிண்ட் அடித்ததும் அதே பெயரில் விற்கிறது, உள்ளே பிரித்து அளந்து கட்டியதும் அதே பெயரில் விற்கிறது. கையில் வாங்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பில்லில் என்னென்ன மாற்றப்பட்டது என்று எழுதித் தருபவரிடம் மட்டும் வாங்கலாம்.

கழட்டின ஒரிஜினலோ சில நேரம் இதைவிட மேல். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் விபத்தில் அடிபட்ட காரிலிருந்து எடுத்தது கிடைக்கும். ஹோஸ் வாய்கள் மூடி போட்டு அடைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்து கிடந்ததென்றால் உள்ளே இருக்கும் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். தண்டைச் சுற்றினால் சீராக, கொஞ்சம் கனமாகச் சுழல வேண்டும். எண்ணெயையும் அதே துணிச் சோதனைக்கு உட்படுத்துங்கள். பத்து வருடம் தாண்டிய, சீக்கிரம் விற்கப்போகும் காருக்கு இது போதும்.

இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்டப்போகும் காருக்குப் புதுசுதான். அதிலும் ஒரு கண்ணி உண்டு. புது கம்ப்ரஸர் பெரும்பாலும் முழு சிஸ்டத்துக்கான எண்ணெயோடு வரும், லைனில் ஏற்கெனவே பழைய எண்ணெயும் தங்கியிருக்கும். பழைய கம்ப்ரஸரிலிருந்து வடித்த அளவைப் பார்த்து, புதியதிலும் அதே அளவு மட்டும் இருக்கும்படி மிச்சத்தை வடித்துவிட வேண்டும். எண்ணெய் கூடினால் குளிர்ச்சி குறையும்.

கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் கொண்ட கார்களும் இப்போது நிறைய. அவற்றில் ஏசி ஆஃபிலும் தண்டு சுற்றிக்கொண்டே இருப்பதால் மேலே சொன்ன ஆன்-ஆஃப் சோதனை செல்லாது. பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுற்றுவது ஒன்றே வழி. புல்லியின் நடுவில் இருக்கும் ரப்பர் டாம்பர் உடைந்தாலும் கடகடக்கும், அதற்கு முழு கம்ப்ரஸர் தேவையில்லை. மின்சாரக் கார் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஃபாஸ்ட் சார்ஜில் போட்டிருக்கும்போது முன்னால் 'ம்ம்' என்று ஓடுவது பேட்டரியைக் குளிர்விக்கும் கம்ப்ரஸராக இருக்கலாம். ஆரஞ்சு நிற வயர் போகும் இடத்தில் உயர் மின்னழுத்தம் இருப்பதால் அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டுமே கை வைக்க வேண்டும், எண்ணெயும் அதற்குரிய வகையைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.