மைலேஜ் குறைந்தால் உடனே "பேட்டரி போச்சு" என்பார்கள், நம்பாதீர்கள்: நீலகிரியில் ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் உள்ள கார்) ஓட்டுகிறவர்களும் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். "ஹைப்ரிட் பேட்டரி வீக் ஆயிருச்சு, அதான் மைலேஜ் தரல" என்று சொல்லி என்னிடம் 23,600 ரூபாய் வாங்கினார்கள். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. பின் சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமலே சாவியை என் கையில் கொடுத்து, "தைரியமா கீழே போயிட்டு வாங்க சார்" என்று அனுப்பினார்கள். அந்தக் காரில் அம்மாவையும் குழந்தைகளையும் உட்காரவைத்து நான் மலை இறங்கியிருக்கிறேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

புகார் நடந்துகொண்டிருப்பதால் ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. "ஹைப்ரிட் ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டு வைத்த தனியார் ஒர்க்‌ஷாப். கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இல்லை.

என்னுடையது டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா வகை ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது மின் மோட்டாரில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியது. கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது ஆய்வகத்தில் காரை உருளைமேல் ஏற்றி ஓட்டி எடுக்கும் கணக்கு. நம் ஊரில் அது வராது, நான் எதிர்பார்க்கவும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஓடிய கிலோமீட்டர், போட்ட லிட்டர் இரண்டையும் ஆன்லைனில் மைலேஜ் பதிவேட்டில் ஏற்றிவிடுவேன். ஃபியூலி, ஸ்பிரிட்மானிட்டர் மாதிரி இலவசத் தளங்கள் இதற்கென்றே இருக்கின்றன. டேங்கை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்துப் போடும் கணக்கு இது. கார் திரையில் வரும் எண்ணை நான் எழுதுவதில்லை. பெரும்பாலும் அது கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

மலையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குன்னூரில் நிரப்பிவிட்டு மேட்டுப்பாளையத்தில் மறுபடி நிரப்பினால் 40, 50 என்றுகூட வரும். அங்கிருந்து ஏறி வந்து இங்கே நிரப்பினால் பத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டுமே காரின் மைலேஜ் ஆகாது. அதனால் நான் எப்போதும் குன்னூரில் ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், ஆட்டோ கட் ஆகும்வரை போடுவேன். இறங்கியதும் ஏறியதும் ஒரே டேங்க்குக்குள் அடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் என் காருக்கு வெயில், மழை எல்லாம் சேர்த்து 20க்கும் 21க்கும் நடுவில்தான் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம், மார்க்கெட், அவ்வப்போது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. என் ஓட்டம் பெரிதாக மாறுவதே இல்லை.

தென்மேற்குப் பருவமழை சமயத்தில் பின் பிரேக்கில் கீச்சென்று சத்தம் வந்தது. ஹைப்ரிட்டில் பாதி வேகத்தை மோட்டாரே குறைத்துவிடும், பிரேக் பேடுக்கு வேலை கம்மி. நம் ஊர் ஈரத்திலும் பனியிலும் வேலை இல்லாத பிரேக்கில் துரு ஏறுவது சகஜம். அந்த ஒர்க்‌ஷாப்பில் பின் பேட் இரண்டு பக்கமும் மாற்றினார்கள். சத்தம் நின்றது. பதிவேட்டில் குறிப்பு எழுதும் இடத்தில் "பின் பிரேக் பேட் மாற்றியது" என்று போட்டு வைத்தேன். அடுத்த டேங்க் 17.4. அதற்கடுத்தது 16.1. அப்புறம் 16ஐ விட்டு மேலே ஏறவே இல்லை.

அதே இடத்துக்குத்தான் திரும்பப் போனேன். முதலில் "E20 பெட்ரோல் சார், எல்லா வண்டிக்கும் இதே கதைதான்" என்றார் அங்கே வேலை பார்த்தவர். E20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 10 சதவீதக் கலப்பு 20 ஆனால் மூன்று, நான்கு சதவீதம் மைலேஜ் குறையலாம். என் காருக்கு அது ஒரு கிலோமீட்டர்கூட வராது. எனக்கு இறங்கியதோ நாலரை கிலோமீட்டர். இதைச் சொன்னதும் சீசன் டிராஃபிக் என்றார். பருவமழையில் ஏது சீசன்? கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "மலை இறங்கும்போது திடீர்னு இன்ஜின் உறுமுதா?" ஆமாம் என்றேன். "அவ்வளவுதான். பேட்டரி சார்ஜ் பிடிக்கல. செல் வீக்."

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். உங்களிடமும் இதையேதான் கேட்பார்கள். மலையில் ஓடும் எந்த ஸ்ட்ராங் ஹைப்ரிட்டிலும் இந்த உறுமல் வரும்.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் அந்த ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை இறங்கும்போது ஐந்தரை யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளியே வருகிறது. டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் போனது போக மிச்சமே மூன்று யூனிட்டுக்கு மேல் நிற்கும். இந்தக் கார்களில் இருக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 0.76 யூனிட். அதிலும் முழுசையும் பயன்படுத்த விடமாட்டார்கள். இறங்க ஆரம்பித்த சில கிலோமீட்டருக்குள்ளேயே பேட்டரி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு சக்தி போக வேறு இடம் இல்லாததால், கார் இன்ஜினைப் பெட்ரோல் இல்லாமல் வெறுமனே சுழலவிட்டு வேகத்தை அடக்குகிறது. கியரை இறக்கத்துக்கான 'B' நிலையில் (பார்க்கிங் 'P' இல்லை) போட்டாலும் இதேதான். அந்தச் சத்தம் உங்கள் பிரேக்கைக் காப்பாற்றும் சத்தம். இந்தச் சத்தத்தை மட்டும் வைத்துப் பேட்டரி வீக் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கெல்லாம் அப்போது என் கையில் இல்லை. பேட்டரி புதுசாகப் போட்டால் லட்சக்கணக்கில் ஆகும், ரீகண்டிஷனிங் பண்ணினால், அதாவது பழைய பேட்டரியையே சரிசெய்தால், 14,500தான் என்றார். அதோடு பேட்டரி ஃபேன், ஃபில்டர் கிளீனிங் 1,800. இன்ஜக்டரும் த்ராட்டில் பாடியும் கிளீனிங் 5,200. E20க்கு ஏதோ ஒரு பாட்டில் 2,100.

வண்டியை எடுக்கப் போனபோது நடந்ததுதான் உச்சம். "வாங்க, கண்ணாலேயே பாருங்க" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ட்ரிப் மீட்டரை (அந்த ஓட்டத்துக்கு மட்டும் மைலேஜ் காட்டுவது) ஜீரோ பண்ணிவிட்டு, காட்டேரி வழியாகப் பர்லியாறுவரை இறங்கினார். மங்குஸ்தான் விற்கும் கடைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். திரையில் 48 என்று நின்றது. போனை எடுத்து அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திரும்பி ஏறுவதற்கு முன்னால் விரல் மறுபடி ட்ரிப் பட்டனுக்குப் போனது. ஜீரோ. ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியதும், நான் திரையைப் பார்ப்பதற்குள் இக்னிஷனை ஆஃப் பண்ணிவிட்டார்.

இறக்கத்தில் இன்ஜின் அநேகமாகப் பெட்ரோலே குடிக்காது. ஓட்டை உடைசல் ஹைப்ரிட்டை எடுத்துப்போனாலும் பர்லியாறில் அந்த எண் வரும். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை ஏற, உயரத்துக்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். ஏறும்போது என்ன வந்தது என்று காட்டாமல் இறங்கும்போது வந்ததை மட்டும் காட்டுவது தெரியாமல் செய்த காரியம் இல்லை. அந்தப் பட்டனை இரண்டு முறை அமுக்கிய கையை நான் பார்த்தேன்.

அடுத்த டேங்க் 16.2. அதற்கடுத்தது 15.9. பதிவேட்டின் வரைபடத்தைப் போனில் காட்டிக் கேட்டேன். சீராக வந்த கோடு, பேட் மாற்றிய தேதியில் படிக்கட்டு மாதிரி இறங்கி, பில் கட்டிய தேதியைத் தாண்டியும் அதே உயரத்தில் நிற்கிறது. "ஆன்லைன் கணக்கை எல்லாம் நம்பாதீங்க சார். திரையில வர்றதுதான் கம்பெனி கணக்கு" என்றார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் ஒருவர் வழியாக ஒரு மெக்கானிக்கிடம் போனேன். சின்ன ஷெட், ஹைப்ரிட் போர்டு எதுவும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தார். பேட் மாற்றிய தேதியைப் பார்த்தார். "அண்ணா, இப்பதான் மலை இறங்கி வந்திருக்கீங்க, நாலு டிஸ்க்கும் சூடாத்தான் இருக்கும். ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்றார். ஆறியபின் சிறுமுகை ரோட்டில், சமதளத்தில், பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் சக்கரத்தின் இடைவெளி வழியாகக் கொஞ்சம் தெளித்தார். மூன்றில் தண்ணீர் வழிந்து ஓடியது. இடது பின் டிஸ்க்கில் "ஸ்ஸ்" என்று ஆவி கிளம்பியது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது பக்கம் லேசாகச் சுழன்றது. இடது பக்கம் கால் சுற்றுக்கூடப் போகவில்லை.

கழற்றிப் பார்த்தால் கேலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் ஊசி, ஸ்லைடு பின் என்பார்கள், ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. பேட் மாற்றும்போது அதைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்துப் போட வேண்டும். அதைச் செய்யாமல் புதுப் பேடைத் திணித்திருக்கிறார்கள். உள்பக்கப் பேட் தேய்ந்து தகடாகியிருந்தது, வெளிப்பக்கம் ஏறக்குறைய புதுசு. "இதோட இன்னும் ரெண்டு தடவை ஃபுல் லோடுல இறங்கியிருந்தா பிரேக் ஆயில் கொதிச்சிருக்கும்ணா" என்றார். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகத் தரைக்குப் போய்விடும். பதினான்கு கொண்டை ஊசி வளைவு உள்ள சாலையில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேட் விலை தனி, கூலி 800 ரூபாய் வாங்கினார்.

அடுத்து கோயம்புத்தூரில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பேட்டரியில் ஒரு கோளாறும் பதிவாகவில்லை. பேட்டரி மூடியின் போல்ட்டுகளில் பெயின்ட் அடையாளம் அப்படியே இருந்தது. அதை யாரும் திறக்கவே இல்லை. பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஃபில்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்கள். வலை தெரியாத அளவு தூசி, நடுவில் எங்கள் வீட்டு நாயின் வெள்ளை முடி சுருண்டு கிடந்தது. 1,800 ரூபாய் கிளீனிங்! பிரேக் சரியான பிறகு வந்த டேங்க் 20.3.

இந்த கார்களின் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. அதனால் வெளியில் யாராவது "ரீகண்டிஷனிங்" என்றால் பைசா கொடுக்காதீர்கள். உண்மையிலேயே திறந்தால் வாரண்டி போய்விடும் ஆபத்து இருக்கிறது, உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் உள்ள இடத்தில் உயிருக்கும் ஆபத்து. மைலேஜ் சட்டென்று குறைந்தால் முதலில் டயர் காற்று, அலைன்மென்ட், பிரேக் இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சமதளத்தில் ஓட்டிவிட்டு ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருக்கிறதா என்று நீங்களே கையை அருகில் கொண்டுபோய்ப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள். டெஸ்ட் டிரைவ் என்றால் இறங்கி அதே இடத்துக்கு ஏறி வரும்வரை ட்ரிப் மீட்டரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் ஹைப்ரிட் விற்பவர் திரையின் படத்தை அனுப்பினால், எந்த இடத்தில் எடுத்தது என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களையும் ஜாப் கார்டையும் (செய்த வேலைகளை எழுதிய சீட்டு) வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பதிவேட்டில் மைலேஜோடு சேர்த்து என்ன வேலை எப்போது நடந்தது என்ற குறிப்பையும் எழுதுங்கள். எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டும் பதிவு செய்யலாம். நான் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். பில், வாட்ஸ்அப்பில் வந்த அந்த 48 படம், பதிவேட்டின் அச்சுப் பிரதி, சர்வீஸ் சென்டர் ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். தேய்ந்த உள்பக்கப் பேட் தேதி எழுதிய கவரில் வீட்டில் இருக்கிறது. அதே ஒர்க்‌ஷாப்பில் சமீபத்தில் பிரேக் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அடுத்த முறை கீழே இறங்குவதற்கு முன் நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.