ராப்சனா, வெனபிள்ஸா?

போன வாரம் நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். கால்பந்து ஆடி ஓய்ந்தபின் வெளிநாடு போய்ப் பயிற்சியாளராகப் பெயரெடுத்த ஆங்கிலேயர்களில் ஒரே ஒருவரைச் சொல் என்றால் யாரைச் சொல்வது? கடைசியில் பாபி ராப்சனும் டெர்ரி வெனபிள்ஸும் மிஞ்சினார்கள். என் ஓட்டு ராப்சனுக்கு.

இருவரும் இங்கிலாந்துக்கு ஆடியவர்கள், பின்னர் அதே அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர்கள், ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பிலும் வேலை பார்த்தவர்கள்.

வெனபிள்ஸ் 1984-இல் பார்சிலோனா போய்ச் சேர்ந்தபோது அங்கே ஆடிக்கொண்டிருந்த மரடோனா இத்தாலியின் நாப்போலிக்குக் கிளம்பிவிட்டார். இருந்தும் முதல் லீக் ஆட்டத்திலேயே ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்தில் 3-0 என்று சாய்த்து, அதே பருவத்தில் லீக் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார். அந்த ஊர் அதற்காக 11 வருடம் காத்திருந்தது. 1986 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பார்சிலோனா அடித்த நான்கு பெனால்டிகளையும் ஸ்டேவா புகாரெஸ்ட் கோல்கீப்பர் டுக்கடாம் பிடித்துவிட்டார். மறு வருடம் செப்டம்பரில் வேலை போயிற்று. இதெல்லாம் நான் பழைய வீடியோக்களில் பார்த்ததுதான். அந்தக் காலத்தில் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னோடு சண்டைக்கு வரலாம்.

ராப்சன் பார்சிலோனாவில் இருந்தது 1996-97 ஒரே பருவம். மூன்று கோப்பைகள் வந்தன. லீக் மட்டும் இரண்டு புள்ளியில் நழுவியது. அந்தக் கிளப்பை மட்டும் பார்த்தால் வெனபிள்ஸ்தான் மேல், சரி. ஆனால் ராப்சன் அதற்கு முன்பே ஹாலந்தில் பிஎஸ்வி கிளப்போடு இரண்டு லீக் பட்டங்களும், போர்ச்சுகலில் போர்ட்டோவோடு இரண்டும் வென்றிருந்தார். நடுவில் ஸ்போர்ட்டிங் லிஸ்பன், லீக்கில் முதலிடத்தில் இருக்கும்போதே அவரை அனுப்பியது வேறு கதை.

என்னை முடிவு செய்ய வைத்தது கோப்பைக் கணக்கு அல்ல. ஆள் கிளம்பியபின் அங்கே என்ன மிச்சம் என்பதுதான். லிஸ்பனில் தனக்கு மொழிபெயர்க்க வந்த மொரீன்யோவை வெறும் மொழிபெயர்ப்பாளராக வைத்திருக்கவில்லை ராப்சன். எதிரணியைப் பார்த்துவந்து அறிக்கை எழுதச் சொன்னார். போர்ட்டோவுக்கும் பார்சிலோனாவுக்கும் கூடவே கூட்டிப்போனார். 2004-இல் அதே போர்ட்டோவின் பயிற்சியாளராக மொரீன்யோ சாம்பியன்ஸ் லீக் வென்றார். போர்ட்டோவில் ராப்சன் குடியிருந்த கட்டடத்திலேயே ஒரு பையன் இருந்தான். போர்ட்டோ முன்கள வீரர் டொமிங்கோஸை ஏன் ஆட்டத்தில் இறக்குவதில்லை என்று கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினான். வேறொருவராக இருந்தால் கசக்கிப் போட்டிருப்பார். ராப்சன் அவனைப் பயிற்சி பார்க்க வரச் சொன்னார், இங்கிலாந்தில் பயிற்சியாளர் படிப்புக்கும் வழி செய்தார். அவன்தான் வில்லாஸ்-போவாஸ். 2011-இல் பயிற்சியாளராகப் போர்ட்டோவுக்கு யூரோப்பா லீக் வென்று தந்தார், 2024-இல் அந்தக் கிளப்பின் தலைவரானார்.

மொரீன்யோவை ராப்சன்தான் உருவாக்கினார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பின் பார்சிலோனா வந்த பயிற்சியாளர் வான் காலுக்கும் அதில் பங்கு உண்டு. வெனபிள்ஸ் விட்டுப்போன அணியையோ, 1988-இல் கிராய்ஃப் பயிற்சியாளராக வந்து பெரும்பாலும் கலைத்துப் புதிதாகக் கட்டினார். நண்பரோ இன்னமும் அந்த 3-0-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறார்.