ஐந்தாம் தேதி தவறாமல் வந்த வாடகை

சென்னையில் வீடு வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், முக்கியமாக வாடகை வருமானத்துக்கென்று முதல் வீடு வாங்கியவர்கள், இந்த வாரமே உங்கள் வீட்டில் குடியிருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தீங்க, யார் கையில கொடுத்தீங்க?" நான் அதைக் கேட்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒரு குடும்பத்தின் நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போய்விட்டது.

நான் இருப்பது ஓசூரில். 2021-இல் மேடவாக்கத்தில் ஒரு டூ பெட்ரூம் ஃபிளாட் வாங்கினேன். 35 லட்சம் கடன், 20 வருஷம், மாதத் தவணை 27 ஆயிரத்துச் சொச்சம். வாடகை 15, 16 ஆயிரம் வந்தால் மீதியைச் சம்பளத்தில் தள்ளிவிடலாம் என்று கணக்கு. முதலில் இருந்தவர்கள் 2022 டிசம்பரில் காலி செய்தார்கள். அந்த வருஷம் மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டியை, ஏற்றிக்கொண்டே போனது. 4 சதவீதமாக இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. கடன் தவணைகள் நீண்டுகொண்டே போக, வீடோ இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. அவசரப்படுகிறவனைத்தான் ஏமாற்றுகிறவர்கள் தேடுவார்கள்.

என் வீட்டு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். புரோக்கர் இல்லையாம், "பராமரிப்பு நிறுவனம்". (பெயரைப் போடவில்லை, வழக்கு நடக்கிறது.) ஆள் தேடுவது, வாடகை வசூல், பிளம்பர், பெயின்ட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 15,500 ரூபாய் என் கணக்கில் விழும். "நீங்க ஓசூர்ல இருந்து அலையவே வேண்டாம் சார்" என்றார் அந்த மேனேஜர். ஆள் இல்லாவிட்டாலும் ஒருவன் எப்படி வாடகை கொடுப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

20 ரூபாய் முத்திரைத்தாளில் நாலு பக்க ஒப்பந்தம். மூன்றாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "மேற்படி வீட்டை வாடகைக்கோ குத்தகைக்கோ விடவும், அதற்கான தொகையைப் பெற்று ரசீது வழங்கவும் 2-வது பார்ட்டிக்கு முழு அதிகாரம் உண்டு." 1-வது பார்ட்டி நான். கீழே கையெழுத்துப் போட்டேன். குத்தகை என்ற சொல் நிலத்துக்கானது, பத்திரம் எழுதுபவர் பழக்கத்தில் சேர்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

2023 மார்ச்சிலிருந்து ஐந்தாம் தேதியானால் பணம் வந்துவிடும். ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. நண்பர்கள் இரண்டு பேருக்கு அவர்கள் நம்பரைக் கொடுத்தேன், அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. குடியிருப்பவரின் ஆதார் நகல் கேட்டால் "அனுப்புறேன் சார்" என்பார்கள், வராது. "நீங்க நேரா பேசாதீங்க, வாடகையைக் குறைக்கச் சொல்லி உங்களைப் பிடிச்சுக்குவாங்க" என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருமுறை அசோசியேஷன் செயலாளர் தண்ணீர் மோட்டார் விஷயமாகக் கூப்பிட்டபோது, "உங்க லீஸ்காரங்க நல்ல மனுஷங்க, மெயின்டெனன்ஸ் கரெக்டா கொடுத்துடறாங்க" என்றார். வாடகைக்காரர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லை அன்றைக்குப் பிடித்திருந்தால் கதையே வேறு.

2024 மே மாதம் பணம் வரவில்லை. "பேங்க் சர்வர் பிரச்சினை" என்றார்கள். ஜூனில் போன் ஸ்விட்ச் ஆஃப். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிக் காலையில் மேடவாக்கம் போய் இறங்கினேன். அவர்கள் அலுவலகம் இருந்த மாடியில் ஷட்டர் இறங்கியிருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். "யார் வேணும்?" என்றார். வீட்டு ஓனர் என்றேன். முகம் அப்படியே மாறிவிட்டது. "ஓனர் துபாய்ல இருக்காருன்னு சொன்னாங்களே?" என்றவர், உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே ரேஷன் கார்டு, பையனின் மார்க் ஷீட், நகைக்கடன் ரசீது மூன்று, அப்புறம் ஒரு முத்திரைத்தாள். 7 லட்சம் ரூபாய், இரண்டு வருஷம், லீஸ். தென்மாவட்டத்தில் ஒத்தி என்பார்கள், இன்னும் சில ஊர்களில் போக்கியம்: மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்வது. வீட்டுக்காரர் சார்பில் என்று போட்டு அந்த மேனேஜர் கையெழுத்து. பின்னால் என்னுடைய அந்த நாலு பக்க ஒப்பந்தத்தின் ஜெராக்ஸ்.

"மாச வாடகை கட்டி மாளலைன்னு தான் சார் நகையை வச்சோம். சீட்டுப் பணம் ரெண்டு லட்சம். மிச்சம் என் தங்கச்சி கொடுத்தா." அவர் கணவர் கால் டாக்ஸி ஓட்டுகிறவர், அன்றைக்கு சவாரியில் இருந்தார். அந்த அம்மா அழவில்லை. காபி வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் போனில் கணக்குப் போட்டேன். அந்த நிறுவனத்தார் வாங்கியது 7 லட்சம். எனக்குக் கொடுத்தது 14 மாதம், மாதம் 15,500, ஆக 2,17,000. கையில் நின்றது 4,83,000. நான் வாடகை என்று வாங்கிக்கொண்டிருந்தது அந்த அம்மாவின் பணத்தையே, மாதாமாதம் துண்டு துண்டாக. புது வீடுகளும் புது லீஸ்காரர்களும் சேரும்வரை இது ஓடும். சேர்வது நின்றதும் ஷட்டர் இறங்கிவிடும். ஐந்தாம் தேதி தவறாமல் பணம் வந்ததால் அவர்களை யோக்கியர்கள் என்று நினைத்தேன். தவறாமல் கொடுத்தால்தான் நான் வீட்டுப் பக்கம் போகமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மச்சான், "கரன்ட்டைக் கட் பண்ணு, தானா போயிடுவாங்க" என்றார். வக்கீல் அதைக் கேட்டதுமே தடுத்தார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, அதாவது 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டப்படி, தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது. அப்புறம் அவர் சொன்னது: "ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸை ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும். பண்ணல. அதனால அவங்க பேப்பர் வீக். ஆனா நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு சார்." 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம்: நம் ஆளுக்கு அதிகாரம் இருக்கிறது என்று மற்றவரை நம்பும்படி நாமே வைத்தால், அவன் செய்ததற்கு நாமும் கட்டுப்பட வேண்டியிருக்கும். ஏமாந்தவன் என்று போய் உட்கார்ந்தவன், பாதிக் குற்றவாளி மாதிரி எழுந்து வந்தேன்.

நானும் அந்த அம்மாவின் கணவரும் சேர்ந்தே போய்ப் புகார் கொடுத்தோம். இதை எல்லோருக்கும் சொல்வேன். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் தனித்தனியாகப் போனால் ஒருவர்மேல் ஒருவர் சொல்கிற மாதிரி ஆகிவிடும். முதலில் உள்ளூர் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி), பிறகு போலீஸ் கமிஷனர் அலுவலகம். எடுத்துப் போனவை: ஒப்பந்தம், லீஸ் பேப்பர், என் பேங்க் ஸ்டேட்மென்ட், குடியிருப்பவர்கள் பணம் போட்ட ரசீது, வாட்ஸாப் பேச்சு மொத்தமும் பிரிண்ட். 7 லட்சத்தில் 3 லட்சம் ரொக்கமாகக் கொடுத்திருந்தார்கள், அதற்கு அந்த முத்திரைத்தாள் தவிர வேறு ஆதாரமே இல்லை. வரிசையில் எங்களைப் போலவே ஜோடி ஜோடியாக ஆட்கள் நின்றார்கள்.

வக்கீல் முன்னால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். 2025 பிப்ரவரி வரை, அதாவது அவர்கள் பேப்பரில் இருந்த கெடு வரை, வாடகையில்லாமல் இருந்துகொள்ளட்டும். அந்தப் பத்து மாதம் எனக்கு 1,55,000 நஷ்டம். தவணையை என் சம்பளத்திலிருந்து கட்டினேன். காலி செய்யும்போது ஒரு லட்சம் கொடுத்தேன். அது சட்டப்படி சரியான தொகையா என்று கேட்காதீர்கள், என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர்களுக்குப் போதவில்லை என்பதும் தெரியும்.

இனி நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். புரோக்கர் ஆள் காட்டுவதோடு சரி, ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். அட்வான்ஸும் வாடகையும் குடியிருப்பவர் கணக்கிலிருந்து நேராக என் கணக்குக்கு. ஒப்பந்தத்தில் நானே கையெழுத்திடுவேன், நேரில், அவர்கள் கண் முன்னால். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும், 90 நாள் கெடு என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆன்லைனிலேயே முடியும், ஒரு பதிவு எண் கிடைக்கும். 11 மாத ஒப்பந்தம்தானே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வயதான பெற்றோர், வெளிநாட்டு வேலை என்று ஆள் வைத்துப் பார்த்தே ஆக வேண்டியவர்கள், அவருக்கு எதற்கெல்லாம் அதிகாரம், எவ்வளவு நாளைக்கு என்று எழுதி அதைக் குடியிருப்பவர் கையிலும் கொடுத்துவிடுங்கள். பணம் வாங்கும் அதிகாரம் மட்டும் அதில் வேண்டாம். குத்தகை, லீஸ், போக்கியம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு பேரும் சுருக்கொப்பம் போடுங்கள்.

ஆள் குடியிருக்கும் பழைய ஃபிளாட்டை முதலீட்டுக்கு வாங்கப் போகிறீர்களா? வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும், ஏனென்றால் பதிவு செய்யாத லீஸ் அதில் வராது. ஆனால் ஒருவர் வீட்டில் குடியிருந்தால் அவருடைய உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சொத்து மாற்றச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று அப்புறம் சொல்ல முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

லீசுக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. ஓனர் துபாயில் இருக்கிறார் என்றால் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரத்தில் உள்ள பெயரும் நீங்கள் பணம் போடும் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் "மாதம் நிச்சய வாடகை" என்று சொல்லி யாரிடமாவது வீட்டைக் கொடுத்திருந்தால் தனியாக எழுதுங்கள், நாங்கள் கொடுத்த புகாரின் நகலை அனுப்புகிறேன். நான் நம்பர் கொடுத்த இரண்டு நண்பர்களில் ஒருவன் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அவன் வீட்டில் 9 லட்சம்.